பார்த்துப் போங்க... லேட் பண்ணிடாதீங்க!

மார்கழி மாதம் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அனுப்பர்பாளையத்தில், அவிநாசி ரோட்டோரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? எதிர்ப்பக்கத்து டீக்கடை தெரியாது. பாய்லர் பக்கத்தில் எரிகிற பல்பு மட்டும் ஆரஞ்சுப் பழம் மாதிரி அந்தரத்தில் தொங்கும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர் போன ஊர் அல்லவா? எங்கோ ஒரு பட்டறையில் அதற்குள் வேலையை ஆரம்பித்திருப்பார்கள். சுத்தியல் சத்தம் 'டங் டங்'கென்று கேட்கும். தட்டுகிற ஆள் தெரியமாட்டார். ஷிப்டுக்கு ஆள் ஏற்றப் போகிற பனியன் கம்பெனி வேன் ஒன்று ஹாரனை முதலில் அனுப்பிவிட்டு, பின்னாலேயே தானும் வந்து சேரும்.

போன மார்கழியில் ஒரு நாள் அப்படி நின்றுகொண்டிருந்தபோது, மான்ட்ரியலில் இருந்து அக்கா மகன் போன் செய்தான். அங்கே அவனுக்கு முந்தின நாள் ராத்திரி ஏழு மணி.

"மாமா, இங்கே பனி கொட்டுது. ரெண்டு நாளா காரையே எடுக்கலை. ஆபீஸுக்கு வரவேண்டாம், வீட்டில இருந்தே வேலை பாருன்னுட்டாங்க."

"இங்கேயும் பனிதான்டா" என்றேன்.

சிரித்துவிட்டான். "உங்க பனிக்கு ஒரு மப்ளர் போதும் மாமா. எங்க பனிக்கு மண்வெட்டி வேணும்!"

நியாயம்தான். புல்லின் மேல் நிற்கிற துளியும் பனி, ரோட்டை மறைக்கிற புகை மூட்டமும் பனி, இமயமலையில் மலை மலையாகக் கிடப்பதும் பனி. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் காலமாகச் சமாளித்துவருகிறோம். ஆனால், வண்டி ஓட்டுகிறவனுக்கு இவை மூன்றும் வேறு வேறு பனி.

அவன் இருக்கிற க்யூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை காருக்குக் குளிர்கால டயர் போட்டே ஆகவேண்டும், சட்டம். உறைந்த ரோட்டில் பிரேக் அடித்தால் வண்டி நிற்க சாதாரணமாக ஆகும் தூரத்தைப் போல பத்து மடங்கு வரை ஆகலாம் என்று பிரிட்டனின் சாலை விதிப் புத்தகம் எச்சரிக்கிறது. அந்தப் பனி ரோட்டில் வந்து படுத்துக்கொண்டு, 'என்னைத் தாண்டி எங்கே போகிறாய்?' என்று நேருக்கு நேராகக் கேட்கிறது. நின்றுவிட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

நம் லாரிக்காரர்களுக்கும் அந்தப் பனி புதிதில்லை. ஸ்ரீநகரில் கிளம்பும் தேசிய நெடுஞ்சாலை 44, சேலம், நாமக்கல், கரூர் வழியாகத்தான் கன்னியாகுமரிக்கு வருகிறது. காஷ்மீர்ப் பக்கம் பனி கொட்டினாலோ, பாறை உருண்டாலோ போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். 2022 செப்டம்பரில் அப்படி ஆப்பிள் லாரிகள் நாள் கணக்கில் நின்று, பழம் அழுகுகிறதே என்று வியாபாரிகள் போராட்டமே நடத்தினார்கள். அரசாங்கத்தைத் திட்டினார்கள், அதிகாரிகளைத் திட்டினார்கள். ஒருவரும் டிரைவரைத் திட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே நிறுத்துவது போலீஸ் வேலை.

நம் ஊர் மூடுபனி அப்படி இல்லை. தடுப்புக் கட்டை வைக்காது. 'போகணும்னா போய்க்கோ' என்று ஒதுங்கி நிற்கிற மாதிரி பாவனை காட்டும். நிற்பதா, போவதா என்று முடிவெடுக்கிற பாரத்தைத் தூக்கித் தனியாக ஓர் ஆளின் தலையில் வைத்துவிடும். அந்த ஆள்தான் டிரைவர். அவர் அப்படி முடிவெடுக்கும்போது நீங்களும் நானும் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் இந்த வாரத்துக் கேள்வி.

*

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பி.காம். படித்தவன் போடும் கணக்குதான், பயப்படாதீர்கள்.

80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. பனியில் 30 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்று வையுங்கள். முன்னால் ஒரு டிராக்டர் நிற்பது தெரிந்து, மூளை காலுக்குச் செய்தி சொல்லி, கால் பிரேக்கைத் தொடுவதற்கே ஒரு விநாடி ஆகிவிடும். 22 மீட்டர் காலி. மிச்சம் 8 மீட்டர். நல்ல டயரும் காய்ந்த ரோடும் உள்ள காருக்கே அந்த வேகத்தில் நிற்க இன்னும் 35 மீட்டர் போல வேண்டும். லோடு லாரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதே கார் 40-ல் போயிருந்தால் எல்லாம் சேர்த்து இருபது, இருபத்தோரு மீட்டரில் நின்றிருக்கும். டிராக்டர்காரர் வீட்டுக்குப் போயிருப்பார்.

இதைப் பழைய டிரைவர்கள் ஒரே வரியில் சொல்வார்கள்: "கண்ணு போற தூரத்துக்குள்ள வண்டி நிக்கணும்." நின்றால் சரியான வேகம். நிற்காவிட்டால், போர்டில் எத்தனை கிலோமீட்டர் எழுதியிருந்தாலும் அது அதிக வேகம்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். பனியில் நாம் போகிற வேகம் நமக்கே சரியாகத் தெரிவதில்லை. 1998-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, பனியில் வேகம் குறைவாகத் தோன்றுவதால் ஆட்கள் இன்னும் வேகமாக ஓட்டிவிடுகிறார்கள் என்றது. 2012-ல் வந்த இன்னொரு ஆய்வு, இல்லையில்லை, நிஜப் பனி போல அமைத்துப் பார்த்தால் வேகத்தைக் கூடுதலாக நினைத்து மெதுவாகவே போகிறார்கள் என்றது. விஞ்ஞானிகள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். நமக்குக் கிடைக்கிற பாடம் ஒன்றுதான். பனியில் மனசைக் கேட்காதீர்கள், மீட்டரைப் பாருங்கள்.

மற்ற பாடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் முகத்துக்கே திரும்பும். லோபீம்தான் வழி காட்டும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் கண் விட்டதைக் காது பிடிக்கும். நிற்பதென்றால் ரோட்டை விட்டு முழுசாக இறங்கி, பெட்ரோல் பங்க், ஓட்டல் வாசல் மாதிரி இடத்தில் நிற்கவேண்டும். ரோட்டோரத்தில் பின்விளக்கு இல்லாமல் நிறுத்திய லாரியைப் போல ஆபத்து இன்னொன்று கிடையாது. ரொம்ப முக்கியமாக, முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போகக்கூடாது. 'அவனுக்கு வழி தெரிகிறது' என்று நாம் நம்புகிறோம். அவன் தனக்கு முன்னால் போகிறவனை நம்பிப் போகிறான். எல்லாருக்கும் முன்னால் போகிறவன் கடவுளை நம்பிப் போகிறான்.

இவ்வளவும் தெரிந்தவர்கள்தான் மோதுகிறார்கள். இந்தியாவில் 2022-ல் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேரை அதிவேகம் என்கிற தலைப்பில்தான் சேர்த்திருக்கிறார்கள். அறிவு குறைச்சல் என்று இதைச் சொல்லிவிட முடியவில்லை. வேறு ஏதோ ஒன்று ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறது. அது என்னவென்று எனக்குத் தெரியும். ஒரு தடவை நானே மிதித்திருக்கிறேன்.

*

2002. பி.காம். முடித்த கையோடு அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். முதலாளி நல்ல மனுஷன், சனிக்கிழமை சம்பளத்தை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட்டதில்லை.

தை மாதம். ஒரு ஆர்டர் தூத்துக்குடிக்குப் போகவேண்டும். மறுநாள் பகல் 11 மணிக்குள் சரக்கு கிடங்குக்குள் போனால்தான் அந்தக் கப்பலில் ஏறும். தவறினால் எல்.சி.யில் போட்ட தேதி போய்விடும். பையர் 'ஏரோபிளேனில் அனுப்பு, உன் செலவில்' என்பான்.

திருப்பூர்க்காரர்களுக்கு மேற்கொண்டு சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பையர் கலருக்கு ஓ.கே. சொன்னதே நாலு நாள் தாமதம். அதனால் சாயப்பட்டறையில் இரண்டு நாள் தாமதம். துணி வந்ததும் தையலை இழுத்துப் பிடித்தார்கள். செக்கிங்கில் ஓட்டை பீஸ் மாட்டியது. கரண்ட் போனது. இஸ்திரி, மடிப்பு, பாலிதீன் கவர், அட்டைப்பெட்டி... எல்லாம் முடிந்து இரண்டு லாரிகள் கிளம்பும்போது ராத்திரி ஒன்றரை மணி. அத்தனை பேருடைய தாமதமும் கைமாறிக் கைமாறி, கடைசியில் டிரைவரின் காலடியில் வந்து விழுந்தது. அவருக்குக் கைமாற்றிவிட வேறு ஆள் கிடையாது. இருந்தது ஆக்ஸிலரேட்டர் மட்டும்தான்.

ஒரு லாரி வாடகைக்கு எடுத்தது. இன்னொன்று கம்பெனி வண்டி. அதை ஓட்டியவர் ஐம்பது வயதைத் தொட்ட அண்ணன். கழுத்தில் எப்போதும் ஒரு பனியன் வேஸ்ட் துணி. என்னை 'தம்பி' என்பார்.

நான் பேக்கிங் டேபிளிலேயே படுத்துவிட்டேன். நாலே முக்காலுக்குப் போன் அடித்தது. ஒட்டன்சத்திரத்தைத் தாண்டி ஏதோ எஸ்.டி.டி. பூத்தில் இருந்து அண்ணன் பேசினார்.

"ஏனுங் தம்பி, பனி சாஸ்தியா எறங்கிருச்சுங்க. பானட்டே தெரியலீங்க. செத்த நேரம் நின்னு, வெளிச்சம் வந்ததுமு போலாமுங்களா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"பார்த்துப் போங்கண்ணா... ஆனா லேட் பண்ணிடாதீங்க."

நீங்களும் இந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பீர்கள். எவ்வளவு சௌகரியமான வாக்கியம் பாருங்கள்! முதல் பாதியில் நம் கையைக் கழுவிக்கொள்கிறோம். இரண்டாவது பாதியில் அவர் காலை அமுக்குகிறோம். மோதிவிட்டால் 'நான்தான் பார்த்துப் போகச் சொன்னேனே' என்று சொல்லிக்கொள்ளலாம். மோதாமல் தாமதமாக வந்தால் 'நான்தான் லேட் பண்ணாதீங்கன்னு சொன்னேனே' என்று சொல்லிக்கொள்ளலாம். எப்படிப் போட்டாலும் நமக்கு நஷ்டம் வராத பந்தயம்.

அண்ணன் என் வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். லாரியை ஓரங்கட்டி இரண்டரை மணி நேரம் நின்றார். ஏழேகாலுக்கு மேல் பனி விலகியதும் கிளம்பி, பகல் ஒரு மணிக்குத் தூத்துக்குடி போனார். கப்பலுக்கான நேரம் முடிந்திருந்தது. வாடகை லாரிக்காரர் அதே ரோட்டில், அதே பனியில் நிற்காமல் ஓட்டிக்கொண்டு பத்தே முக்காலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பாதிச் சரக்கு கப்பலில் போனது. மீதிச் சரக்கு ஏரோபிளேனில், கம்பெனி செலவில். லட்சக் கணக்கில் அடி. வாடகை லாரிக்காரருக்கு முதலாளி 'கெட்டிக்காரன்டா!' என்று சொல்லி 200 ரூபாய் கூடக் கொடுத்தார். அண்ணன் சம்பளத்தில் 500 ரூபாய் பிடிக்கச் சொன்னார். நான் வவுச்சர் எழுதினேன். விவரம் என்கிற இடத்தில் 'காலதாமதம் வகையில்' என்று என் கையெழுத்தில் எழுதினேன். போனில் என்ன பேசினோம் என்று முதலாளியிடம் நான் வாய் திறக்கவில்லை.

அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு, வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மோதியிருந்தா எல்லாருமு ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோட வந்து பாத்திருப்பீங்க தம்பி. மோதலீங்களே... அதானுங் குத்தமாப் போச்சு."

அந்த மாதத்தோடு வேலையை விட்டுப் போய்விட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை.

*

அந்த இரண்டு லாரிகளை இன்னொரு தடவை பாருங்கள். ஒருவர் செய்தது சூதாட்டம், மற்றவர் செய்தது நிதானம். சூதாட்டம் ஜெயித்ததால் அதற்குக் கெட்டிக்காரத்தனம் என்று பேர் வைத்தோம். நிதானத்துக்குக் காலதாமதம் என்று பேர் வைத்தோம். அன்றைக்கு ரோட்டில் ஒரு டிராக்டர் நின்றிருந்தால் பேர்கள் அப்படியே தலைகீழாக மாறியிருக்கும். டிராக்டர் நிற்காமல் போனதில் அந்த வாடகை டிரைவரின் சாமர்த்தியம் என்ன இருக்கிறது?

தத்துவப் பேராசிரியர்களும் இந்தக் கேள்வியில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்கிற இருவர் இதற்கு 'ஒழுக்க அதிர்ஷ்டம்' என்று சொல்லும்படியான ஒரு பேர் வைத்து எழுதினார்கள். வில்லியம்ஸ் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒருவர் லாரி டிரைவர் என்பது எனக்குப் பிடித்த விஷயம். தன் மேல் தப்பே இல்லாமல் ஒரு குழந்தையின் மேல் வண்டியை ஏற்றிவிடும் டிரைவர். 'உன் தப்பு இல்லை' என்று ஊரே சொன்னாலும் அவர் மனசு ஆறாது, ஆறவும் கூடாது என்பார் வில்லியம்ஸ். நேகல் சொல்வது வேறு உதாரணம். குடித்துவிட்டு ஓட்டுகிறவன் வண்டி நடைபாதையில் ஏறுகிறது. ஆள் நின்றிருந்தால் அவன் கொலைகாரன். ஆள் இல்லாவிட்டால், எச்சரித்து அனுப்பப்பட வேண்டியவன். அவன் செய்ததோ இரண்டு இடத்திலும் ஒன்றேதான்.

இதில் நான் சேர்க்க விரும்புவது அவர்கள் பேசாத மூன்றாவது டிரைவரை. எதன் மேலும் ஏற்றாதவர், நின்றவர். அவருக்கு வரவேண்டிய வரவை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

கணக்குப் பதிவியலில் முதல் வருஷமே ஒரு விதி சொல்லிக்கொடுத்தார்கள். வரக்கூடிய லாபத்தை வருவதற்கு முன் எழுதாதே. வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை. வாராக்கடனுக்கு ஒதுக்குகிறோம். மெஷின் தேய்மானத்துக்கு ஒதுக்குகிறோம். தீப்பிடிக்குமோ என்று வருஷா வருஷம் இன்ஷூரன்ஸ் கட்டுகிறோம். மார்ச் 31-ம் தேதி 'இந்த வருஷம் தீயே பிடிக்கவில்லை, பிரீமியம் தண்டம்' என்று எந்த முதலாளியாவது கணக்குப்பிள்ளையின் சம்பளத்தில் பிடித்தது உண்டா? ஒட்டன்சத்திரம் ரோட்டில் அண்ணன் கட்டியது இரண்டரை மணி நேரப் பிரீமியம். அதைத்தான் நான் அபராதம் என்று எழுதினேன். பரீட்சையில் அந்த விதிக்கு முழு மார்க் வாங்கியவன் நான்!

*

'நின்றவருக்கு மரியாதை கிடைப்பதே இல்லையா?' என்று கேட்பீர்கள். கிடைப்பதுண்டு, காப்பாற்றப்பட்டவர் கண்ணுக்குத் தெரிந்தால்.

2020 பிப்ரவரி 20. அவிநாசிக்குப் பக்கத்தில் விடியற்காலையில் நடந்த விபத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பெங்களூருவில் இருந்து எர்ணாகுளம் போன கேரள அரசு பஸ் மீது, எதிர்ப்பக்கம் போன டைல்ஸ் கண்டெய்னர் லாரி நடுத்தடுப்பைத் தாண்டி வந்து மோதியது. 19 பேர் இறந்தார்கள். அங்கே பனி காரணம் இல்லை. லாரி டிரைவர் கண் அசந்துவிட்டார் என்றார்கள். தூக்கமும் ஒரு மூடுபனிதான். அது கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஓட்டுகிறவரின் கண்ணுக்குள் இறங்குகிறது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-ல் வந்தது. நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்றது. அதைப் படித்துக் காட்டினால் ராத்திரி லாரி ஓட்டுகிறவர்கள் சிரிப்பார்கள்.

அந்தப் பஸ்ஸில் இறந்தவர்களில் பஸ்ஸின் ஊழியர்கள் இருவரும் உண்டு. இதே இருவர் 2018-ல் பெங்களூரு பஸ்ஸில் போகும்போது ஒரு பெண் பயணிக்கு வலிப்பு வந்தது. பஸ்ஸைத் திருப்பி ஓசூரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒருவர் அந்தப் பெண்ணுக்குத் துணையாக அங்கேயே தங்கினார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் தாமதம். நிர்வாகம் அவர்களைப் பாராட்டியது. சரியாகச் செய்தது.

ஓசூரில் காப்பாற்றப்பட்டவருக்கு முகம் இருந்தது. ஒட்டன்சத்திரத்தில் காப்பாற்றப்பட்டவருக்கு முகம் கிடையாது. அவர் யாரென்று அவருக்கே தெரியாது. அன்றைக்குக் காலை ஐந்தே காலுக்கு சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒருவராக இருக்கலாம். வீட்டுக்குப் போய்ப் பல் தேய்த்து, டீ குடித்து, 'என்ன பனி, என்ன பனி' என்று அலுத்துக்கொண்டிருப்பார். தன் ஆயுசு ஒரு லாரிக்காரரின் பிடிவாதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். நன்றி சொல்ல ஆளே இல்லாத உதவி அது.

*

திருப்பூரில் ஏற்றுமதி செய்கிற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். கோபப்பட்டார்.

"எழுதறது ஈஸிங்க. பனி பனின்னு எல்லாரும் நின்னா, ஆர்டர் பக்கத்து நாட்டுக்குப் போயிடும். அப்புறம் சனிக்கிழமை சம்பளத்துக்கு உங்க பத்திரிகையா பணம் தரும்?"

இந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியாது. தாமதத்தாலும் மனிதர்கள் நொந்துபோகிறார்கள். ஆர்டர் இல்லாத மாதத்தில் தையல்காரர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று எனக்கும் தெரியும். உயிர் பெரிதா, வேலை பெரிதா என்று வசனம் பேசிவிட்டு நான் நகர்ந்துகொள்ளக் கூடாது.

ஆனால் நண்பரே, மார்கழி என்ன சொல்லாமலா வருகிறது? வருஷா வருஷம் காலண்டரில் தேதி போட்டுக்கொண்டுதானே வருகிறது? டெல்லிப் பக்கம் யமுனா விரைவுச்சாலையில் டிசம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை காருக்கான வேக வரம்பை 100-ல் இருந்து 75 ஆகக் குறைத்துவிடுகிறார்கள். வடக்கே ரயில்வே, பனிக் காலத்துக்கென்று சில ரயில்களை முன்கூட்டியே ரத்து செய்து அறிவித்துவிடுகிறது. அங்கே விபத்தே நடப்பதில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால், பனி வரும் என்று யாரோ ஒருவர் முன்னாலேயே உட்கார்ந்து காகிதத்தில் எழுதுகிறார். நடு ராத்திரியில் டிரைவர் தனியாக முடிவெடுக்கும்படி விடுவதில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டால் அது தாமதம் இல்லை, அட்டவணை.

அந்த 2002 ஆர்டரில் நாலு நாள் தாமதமாக ஓ.கே. சொன்ன பையரிடம் ஒரு நாள் கூடக் கேட்டிருக்கலாம். தை மாதத்துச் சரக்கு என்று தெரிந்தே ஒப்புக்கொண்டதால், கிளம்பும் நேரத்தை மூன்று மணி நேரம் முன்னால் வைத்திருக்கலாம். இதெல்லாம் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து செய்யவேண்டிய தைரியம். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, அந்தத் தைரியத்தை ஒட்டன்சத்திரம் ரோட்டில் மாச சம்பளக்காரரிடம் எதிர்பார்த்தோம். அவரோ, கடைசியில் அதையும் காட்டிவிட்டார். நாம்தான் தண்டித்தோம்.

முதலாளிகளோடு இதை நிறுத்திவிடலாமா? கூடாது. இருமுடி கட்டி சபரிமலைக்குப் போகிற வேனில் ராத்திரி பூரா நாம் தூங்குகிறோம், டிரைவர் மூன்றாவது ராத்திரியாக முழித்திருக்கிறார். தை முகூர்த்தத்துக்கு ஆறு மணிக்குள் மண்டபத்தில் இருக்கவேண்டும் என்று மூன்று மணிக்குக் கால் டாக்ஸியில் ஏறி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வாட்ச் பார்க்கிறோம். வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை, 'உச்' கொட்டுகிறோம். அது போதும், மீட்டரில் பத்து கிலோமீட்டர் ஏறிவிடும். கார் ஓட்டிக்கொண்டிருக்கிற மகனுக்குப் போன் போட்டு 'எங்கப்பா வந்துட்டு இருக்கே? டிபன் ஆறுது' என்கிறோமே... பாசம்தான். பாசத்துக்கும் வலது கால் உண்டு.

போன மாசம் கோயம்புத்தூர் போகும்போது டாக்ஸி டிரைவரிடம் "பனியா இருக்கு, மெதுவாவே போங்க தம்பி" என்றேன். சிரித்தார். "எல்லாரும் ஏறும்போது இப்படித்தானுங் சார் சொல்லுவாங்க. அப்புறம் நீலாம்பூர் வந்ததும் மணி பாப்பாங்க" என்றார். நான் வாட்ச்சைக் கழற்றிப் பையில் போட்டேன். இறங்கும்போது கணக்குப் பார்த்தால் வழக்கத்தை விட நாற்பது நிமிஷம் கூட ஆகியிருந்தது. வழியில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? ஒன்றுமே நடக்கவில்லை. அந்த 'ஒன்றுமே நடக்கவில்லை'யைத்தான் அவரும் நானும் நாற்பது நிமிஷம் கொடுத்து வாங்கினோம். மலிவான விலை.

இந்தப் பனிக்காலத்தில் உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பழைய வாக்கியத்தில் இரண்டாவது பாதியை வெட்டிவிடுங்கள். முடிந்தால் அந்த இடத்தில் வேறு ஒன்றைச் சேருங்கள்: "பார்த்துப் போங்க... லேட் ஆனா நான் பேசிக்கறேன்." சொல்லிவிட்டு, லேட் ஆகும்போது நிஜமாகவே பேசவும் வேண்டும். கஷ்டமான பகுதி அதுதான். இருபத்திரண்டு வயதில் முதலாளியின் ரூமுக்குள் போய் 'போன்ல எங்கிட்டக் கேட்டாருங்க, தப்பு என் மேலதானுங்க' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த அண்ணனைப் பின்னால் தேடினேன். பல்லடத்துப் பக்கம் ஒரு கோழிப் பண்ணை வண்டி ஓட்டுகிறார் என்று ஒருவர் சொன்னார். போனபோது அங்கேயும் இல்லை. கணக்குப் புத்தகத்தில் 'கொடுக்கப்பட வேண்டியவை' என்று ஒரு தலைப்பு உண்டு. என் புத்தகத்தில் அதன் கீழே ஒரே ஒரு வரி பாக்கி நிற்கிறது. ரூபாய் 500. விவரம் என்கிற இடத்தில் இப்போது வேறு மாதிரி எழுதி வைத்திருக்கிறேன்: 'பனியில் நின்ற வகையில்.'